தர்க்கமும் கணினி அறிவியலும்: மாநாடுகள், கோடைப் பள்ளிகள், ஆய்வு வாய்ப்புகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்க்கமும் கணினி அறிவியலும் சந்திக்கும் துறையில் ஆய்வு செய்ய விரும்பும் முதுகலை மாணவர்களும், முனைவர் பட்ட ஆய்வை இப்போதுதான் தொடங்கியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. இந்தத் துறையில் திறமைக் குறைவால் வாய்ப்பை இழப்பவர்கள் குறைவு. தேதியைத் தவறவிட்டோ, பொருந்தாத மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பியோ, யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பக்கூடிய ஒரு கடிதத்தை எழுதியோ இழப்பவர்கள்தான் அதிகம். அதனால்தான் சின்ன விவரங்களையும் விடாமல் எழுதியிருக்கிறோம்.

கணிதத் துறையில் மாநாட்டுக் கட்டுரையை யாரும் பெரிதாக எண்ணுவதில்லையே. இங்கே மட்டும் ஏன் இவ்வளவு மதிப்பு?

இரண்டு துறைகளிலும் ‘மாநாடு’ என்ற சொல் ஒன்றுதான், பொருள் வேறு. கணிதத் தர்க்கக் கூட்டங்களில், உதாரணமாக 1936 முதல் இயங்கிவரும் குறியீட்டுத் தர்க்கச் சங்கத்தின் கூட்டங்களில், ஒரு பக்கச் சுருக்கம் கொடுத்தால் போதும், பேச இடம் கிடைத்துவிடும். முழு நிரூபணம் பிறகு ஆய்விதழில் வரும். கணினி அறிவியலில் அப்படியில்லை. முழுக் கட்டுரையும் நிரூபணங்களுடன் போக வேண்டும். மூன்று பேராவது படித்து மதிப்பிடுவார்கள், பெரும்பகுதி திரும்பிவிடும். தேர்வாகும் கட்டுரை மாநாட்டுத் தொகுதியில் அச்சாகி, ஆய்விதழ்க் கட்டுரைக்கு ஈடாக எண்ணப்படும்.

கணிதத்திலிருந்து வருபவர்கள் இதை அறியாமல் நல்ல முடிவு ஒன்றை இரண்டு ஆண்டுகள் கையில் வைத்துக்கொண்டு மெருகேற்றுவது உண்டு. அதற்குள் வேறொருவர் மாநாட்டில் அதையே வெளியிட்டுவிடுகிறார். கணினி அறிவியலிலிருந்து கணிதத் துறை வேலைக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு நேர்மாறான சிக்கல்: மாநாட்டுக் கட்டுரைகள் மட்டும் இருந்தால் தேர்வுக் குழு அவற்றைக் கணக்கில் எடுக்காமல் போகலாம். எந்தப் பக்கம் போகப் போகிறீர்கள் என்று தெரியாதவர்கள் ஒவ்வொரு மாநாட்டுக் கட்டுரையின் விரிவான வடிவத்தையும் ஆய்விதழுக்கு அனுப்பிவிடுவது நல்லது.

என் கட்டுரையை எங்கே அனுப்புவது?

கட்டுரையின் முக்கியத் தேற்றம் எதைப் பற்றியது என்று ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். எங்கே அனுப்புவது என்பதை அந்த வரியே பெரும்பாலும் சொல்லிவிடும்.

தர்க்கத்தைப் பற்றிய, பலருக்கும் அக்கறை இருக்கக்கூடிய தேற்றம் என்றால் 1986-இல் தொடங்கிய லிக்ஸ். இத்துறையின் முதன்மை மாநாடு அதுதான். ஐரோப்பியக் கணினி அறிவியல் தர்க்கச் சங்கம் நடத்தும் சிஎஸ்எல் மாநாடும் ஏறத்தாழ அதே பரப்பைத் தழுவுவது. மோடல் தர்க்கம், நிரூபணக் கோட்பாடு, முடிவுள்ள மாதிரிகளின் கோட்பாடு, வகைக் கோட்பாடு எல்லாவற்றுக்கும் இந்த இரண்டிலும் இடமுண்டு. தேற்றத்தின் மையம் ஆட்டோமேட்டாவோ விளையாட்டுகளோ கணக்கீட்டுக் கடினத்தன்மையோ என்றால் ஐகால்ப் மாநாட்டின் பி பிரிவு, அடுத்து ஸ்டாக்ஸ், எம்எஃப்சிஎஸ், எஃப்எஸ்டிடிசிஎஸ். ஒரே நேரத்தில் இயங்கும் அமைப்புகள் என்றால் கான்கர். லாம்டா கணிதமும் மறுஎழுத்து முறைகளும் என்றால் எஃப்எஸ்சிடி. நிரலாக்க மொழிகளின் பொருண்மையியல் (நிரல்களின் பொருளை ஆராய்வது) என்றால் போபிள்.

தேற்றத்தைவிட மென்பொருள்தான் உங்கள் பங்களிப்பு என்றால் பட்டியல் மாறும். சரிபார்ப்புக் கருவிகளுக்கு சிஏவி, டாகாஸ். சாட் சால்வர்களுக்கு (ஒரு தர்க்கச் சூத்திரத்தை உண்மையாக்க வழியுண்டா என்று தேடும் மென்பொருள்களுக்கு) சாட் மாநாடு. தானியங்கி நிரூபணத்துக்கு கேட் அல்லது இஜ்கார். லீன், இசபெல், ராக் போன்ற நிரூபண உதவி மென்பொருளில் செய்த வேலைக்கு ஐடிபி, சிபிபி. (காக் என்று நெடுங்காலம் அழைக்கப்பட்டதுதான் இப்போது ராக். பழைய கட்டுரைகளைத் தேடும்போது இரண்டு பெயரிலும் தேடுங்கள்.)

ஐயம் இருந்தால், உங்கள் கட்டுரை மேற்கோள் காட்டும் படைப்புகளை எண்ணிப் பாருங்கள். இருபது மேற்கோளில் எட்டு ஒரே மாநாட்டைச் சேர்ந்தவை என்றால் உங்கள் வாசகர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். ஒரு மேற்கோள்கூட லிக்ஸிலிருந்து இல்லாத கட்டுரையை, பெயர் பெரிது என்பதற்காக லிக்ஸுக்கு அனுப்பினால், அதை மதிப்பிடச் சரியான ஆள் அந்தக் குழுவில் இருக்க மாட்டார்.

ஆண்டில் எந்த மாதம் எதற்கு?

தேதிகள் ஆண்டுதோறும் சில வாரம் முன்பின் ஆகும், ஆனால் சுழற்சி நிலையானது. ஜனவரி, பிப்ரவரியில் லிக்ஸ், ஐகால்ப், சிஏவி ஆகியவற்றுக்குக் கட்டுரை அனுப்ப வேண்டும். மாநாடுகள் கோடையில் நடக்கும். ஏப்ரலில் கான்கர், எம்எஃப்சிஎஸ். அவை ஆகஸ்ட், செப்டம்பரில் கூடும். ஜூலையில் போபிளும் எஃப்எஸ்டிடிசிஎஸ்-உம். போபிள் அடுத்த ஜனவரியிலும், எஃப்எஸ்டிடிசிஎஸ் அந்த டிசம்பரிலும் நடக்கும். சிஎஸ்எல் முன்பு கோடையின் பிற்பகுதியில் நடந்தது. 2020 முதல் ஆண்டின் தொடக்கத்துக்கு மாறிவிட்டது, அதனால் கட்டுரை அனுப்பும் காலமும் முந்தைய கோடைக்குப் போய்விட்டது. செப்டம்பரில் ஸ்டாக்ஸ், அக்டோபரில் ஈடாப்ஸ் என்ற கூட்டு மாநாட்டின் குடையின் கீழ் வரும் ஃபாசாக்ஸும் டாகாஸும்.

இந்தச் சுழற்சி தெரிந்தால் ஒரு நன்மை. ஜனவரியில் அனுப்பி ஏப்ரலில் திரும்பி வந்த லிக்ஸ் கட்டுரையைத் திருத்தி கான்கருக்கோ எம்எஃப்சிஎஸ்-க்கோ அனுப்பச் சில நாட்களே இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அவசரப்பட்டு அதே கட்டுரையை அப்படியே அனுப்பினால், பல நேரம் அதே மதிப்பாய்வாளர் கையிலேயே போய்ச் சேரும். சொன்ன பிழை திருத்தப்படவில்லை என்று அவர் கண்டதும் கதை முடிந்தது. கோடை வரை காத்திருந்து சிஎஸ்எல்-க்கு அனுப்புவது மேல்.

நான்கு ஆண்டுக்கு ஒருமுறை இந்த மாநாடுகளில் பல ஒரே ஊரில் ஒன்றாகக் கூடும். அந்தக் கூட்டமைப்பு மாநாட்டின் பெயர் ஃப்ளாக். முதலாவது 1996-இல் நடந்தது. 2014-இல் வியன்னா, 2018-இல் ஆக்ஸ்ஃபோர்டு, 2022-இல் ஹைஃபா, அடுத்து 2026-இல் லிஸ்பன். ஒரே பயணச் செலவில் துறையின் பெரும்பகுதியைப் பார்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. பயணத்துக்குப் பணம் ஒருமுறைதான் கிடைக்கும் என்றால் அதை ஃப்ளாக் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுரை அழைப்பில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ஓர் அழைப்பில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘சுருக்கம்: ஜனவரி 16. முழுக் கட்டுரை: ஜனவரி 23. ஏஓஇ. மேற்கோள் பட்டியல் நீங்கலாக 12 பக்கம். ஆசிரியர் பெயர் மறைந்திருக்க வேண்டும்.’ இந்தச் சில வரிகளுக்குள் ஐந்து கண்ணிகள் இருக்கின்றன.

சுருக்கத்தின் தேதிதான் உண்மையான கடைசித் தேதி. 16-ஆம் தேதிக்குள் தலைப்பும் சுருக்கமும் பதிவாகவில்லை என்றால் 23-ஆம் தேதி கட்டுரையை ஏற்றவே முடியாது. முழுக் கட்டுரை தயாராகுமா என்று தெரியாவிட்டாலும் சுருக்கத்தைப் பதிந்துவிடுங்கள், பிறகு விலக்கிக்கொள்ளலாம்.

ஏஓஇ என்றால் பூமியில் எங்கேனும் ஓரிடத்தில் அந்தத் தேதி மீதமிருக்கும் வரை என்று பொருள். கணக்கில் அது உலகப் பொது நேரத்துக்கு 12 மணி நேரம் பின்னால். ஆகவே ‘ஜனவரி 23, ஏஓஇ’ என்பது பொது நேரப்படி ஜனவரி 24 நண்பகலில் முடிகிறது. இந்த அரைநாளை நம்பித் திட்டமிடாதீர்கள். கடைசி மணி நேரத்தில், கட்டுரைகளைப் பெறும் ஈசிசேர் போன்ற தளங்கள் திணறும்.

12 பக்கம் என்பது எந்த வடிவத்தில் என்று பாருங்கள். அண்மை ஆண்டுகள் சிலவற்றில் லிக்ஸ் கேட்டது இரட்டைப் பத்தி வடிவில் 12 பக்கம், சிஎஸ்எல் கேட்டது லிபிக்ஸ் என்ற மாநாட்டுத் தொகுதி வரிசையின் வடிவில் ஒற்றைப் பத்தியில் 15 பக்கம். பக்க எண்ணிக்கை சிஎஸ்எல்-க்கு அதிகம், உள்ளே அடங்கும் எழுத்து லிக்ஸுக்கு அதிகம். ஒன்றுக்கு எழுதியதை மற்றதற்கு மாற்ற ஒரு மாலை நேரம் போதாது.

பின்னிணைப்பு நான்காவது கண்ணி. நீண்ட நிரூபணங்களைப் பின்னிணைப்பில் வைக்கலாம், ஆனால் அதைப் படிக்க வேண்டும் என்ற கட்டாயம் மதிப்பாய்வாளருக்கு இல்லை. முக்கியத் தேற்றத்தின் நிரூபண யோசனை முழுதும் பின்னிணைப்பில் போய்விட்டால், உடற்பகுதியில் வெறும் கூற்றுகள்தான் மிஞ்சும். ‘நம்பத் தகுந்த ஆதாரம் தரப்படவில்லை’ என்ற குறிப்போடு திரும்பி வரும் கட்டுரைகளில் பல இப்படித்தான். எந்தப் படி உண்மையில் கடினமானதோ அது உடற்பகுதியில் இருக்கட்டும். எளிதான தொகுத்தறி முறைப் படிகள் பின்னிணைப்புக்குப் போகலாம்.

ஐந்தாவது, பெயர் மறைப்பு. தலைப்பின் கீழுள்ள பெயரை மட்டும் நீக்கினால் போதாது. ‘எங்கள் முந்தைய கட்டுரையில் நிறுவியபடி’ என்ற வரி, நன்றியுரை, திட்ட எண், மென்பொருள் களஞ்சியத்தின் முகவரியில் உள்ள பயனர் பெயர், பிடிஎஃப் கோப்பின் உட்தகவல் எல்லாம் காட்டிக்கொடுக்கும்.

ஆர்க்கைவில் (கட்டுரைகளின் முன்வரைவுகளை வெளியிடும் இணையதளத்தில்) முன்கூட்டியே போடலாமா?

லிக்ஸ் போன்றவை கடைப்பிடிப்பது தளர்வான பெயர் மறைப்பு. ஆர்க்கைவில் வெளியிடுவது, கருத்தரங்கில் பேசுவது இரண்டுக்கும் தடையில்லை. மதிப்பாய்வாளர்களுக்கு நீங்களே அனுப்பி வைக்கக்கூடாது, அவ்வளவுதான். ஒவ்வொரு மாநாட்டின் விதியையும் ஒருமுறை படித்துவிடுங்கள். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்புவது மட்டும் எங்கும் அனுமதி இல்லாத செயல். குழுக்களில் ஒரே ஆட்கள் இருப்பதால் பெரும்பாலும் பிடிபட்டும் விடும்.

மதிப்பாய்வுக்குப் பதில் எழுதச் சில நாட்கள் தருகிறார்கள். என்ன எழுதுவது?

எல்லாக் குறைக்கும் பதில் சொல்ல முயன்றால் எதற்கும் சரியாகச் சொல்ல முடியாது. முதலில் நிரூபணத்தில் பிழை என்று யாராவது சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். சொல்லியிருந்தால் அதற்கே முதல் பத்தி. பிழை உண்மை என்றால் ஒப்புக்கொண்டு, திருத்தத்தை அங்கேயே இரண்டு மூன்று வரியில் காட்டுங்கள். ‘இறுதி வடிவில் சரிசெய்வோம்’ என்பதை யாரும் நம்ப மாட்டார்கள். பிழை இல்லை என்றால், எந்தத் துணைத்தேற்றம் அந்த இடத்தை அடைக்கிறது என்று எண்ணோடு சொல்லுங்கள். ‘முடிவு புதிதல்ல’ என்ற குறைக்கு, குறிப்பிடப்பட்ட பழைய முடிவு எந்த நிபந்தனையில் உங்களுடையதைத் தராது என்று ஓர் எடுத்துக்காட்டு போதும். எழுத்துப் பிழைகளுக்கு ஒரே வரியில் நன்றி.

மென்பொருளையும் நிரூபணக் கோப்புகளையும் அனுப்பச் சொல்கிறார்கள். அதில் என்ன தவறு நடக்கும்?

இதை ஆர்ட்டிஃபாக்ட் மதிப்பீடு என்கிறார்கள். டாகாஸில் கருவிக் கட்டுரைகளுக்கு இது கட்டாயம். கட்டுரையைப் படிப்பவர் வேறு, இதை இயக்கிப் பார்ப்பவர் வேறு. அவர் கையில் உங்கள் கணினி இல்லை, இணைய இணைப்பும் இல்லாமல் இருக்கலாம். ‘முதலில் இந்த நூலகத்தைத் தரவிறக்குங்கள்’ என்று தொடங்கும் ஆர்ட்டிஃபாக்ட் அங்கேயே நின்றுவிடும். தேவையான எல்லாவற்றையும் டாக்கர் படிமத்திலோ மெய்நிகர் கணினியிலோ அடைத்து, பதிப்பு எண்களை உறைய வைத்து, இணைப்பைத் துண்டித்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முழுச் சோதனைக்கு இரண்டு நாள் பிடிக்கும் என்றால், அரை மணி நேரத்தில் முடியும் சிறு சோதனை ஒன்றும் சேர்த்துவிடுங்கள். கட்டுரையின் எந்த அட்டவணை எந்தக் கட்டளையிலிருந்து வருகிறது என்று வரிக்கு வரி எழுதி வையுங்கள்.

நிரூபணக் கோப்புகளில் பார்க்க வேண்டியது வேறு. லீனிலும் இசபெல்லிலும் ‘சாரி’ என்று எழுதினால் நிரூபிக்காத கூற்றும் தற்காலிகமாக ஏற்கப்பட்டுவிடும். ராக்கில் அதே வேலையை ‘அட்மிட்டட்’ செய்யும். ஆழத்தில் கிடக்கும் ஒரு துணைத்தேற்றத்தில் இப்படி ஒன்று மறந்துபோயிருந்தால் மேலே உள்ள முக்கியத் தேற்றமும் நிரூபிக்கப்படாததே. தேடல் மட்டும் போதாது. முக்கியத் தேற்றம் எந்த அடிப்படைக் கூற்றுகளைச் சார்ந்திருக்கிறது என்று மென்பொருளையே கேட்கலாம்: லீனில் ‘பிரிண்ட் ஆக்சியம்ஸ்’, ராக்கில் ‘பிரிண்ட் அசம்ப்ஷன்ஸ்’ கட்டளைகள் அதற்கே இருக்கின்றன. அந்த வெளியீட்டை விளக்கக் கோப்பிலேயே ஒட்டிவிட்டால் மதிப்பீட்டாளரின் முதல் கேள்விக்குப் பதில் ஆயிற்று.

என்னிடம் கட்டுரையே இல்லை. எங்கே தொடங்குவது?

கோடைப் பள்ளியில். தர்க்கம், மொழி, தகவல் மூன்றையும் சேர்த்து 1989 முதல் நடக்கும் எஸ்லி இரண்டு வாரம் நீளும். ஒவ்வொரு பாடமும் ஒரு வாரம், நாளுக்கு 90 நிமிடம். அடிப்படை, அறிமுகம், மேல்நிலை என்று தரம் குறித்திருப்பார்கள். புதியவர்கள் மேல்நிலைப் பாடங்களாக நான்கைந்தை அடுக்கிக்கொண்டு மூன்றாம் நாளே சோர்ந்துபோவது வழக்கம். அடிப்படை ஒன்று, உங்கள் தலைப்புக்கு நெருக்கமான மேல்நிலை ஒன்று, மாலையில் பயிற்சிக் கணக்குகள் என்பதே தாங்கும் அளவு. அங்கே மாணவர் அமர்வும் உண்டு. அதற்குக் குறுங்கட்டுரை அனுப்பலாம், அதையும் மதிப்பாய்வு செய்து கருத்து எழுதித் தருவார்கள். முதல் கட்டுரைக்கு அதைவிட நல்ல இடம் அரிது.

வகைக் கோட்பாடும் நிரலாக்க மொழிகளும் பிடித்தவர்களுக்கு ஓரிகன் பள்ளி, பிரிட்டனின் மிட்லண்ட்ஸ் பள்ளி. சரிபார்ப்புக்கு மார்க்டோபர்டோர்ஃப் பள்ளி, 1970-இல் தொடங்கியது. இவற்றுக்கு விண்ணப்பமும் பரிந்துரைக் கடிதமும் கேட்கலாம். பரிந்துரைப்பவருக்கு மூன்று வாரமாவது அவகாசம் கொடுங்கள்.

மாநாடுகளோடு ஒட்டி நடக்கும் பயிலரங்குகளும் நல்ல வாசல். பலவற்றில் இரண்டு முதல் ஐந்து பக்கச் சுருக்கம் போதும், முறையான தொகுதி வெளிவராது. அதனால் அதே முடிவைப் பிறகு மாநாட்டுக்கு அனுப்பத் தடையில்லை. முறையான தொகுதி உண்டா இல்லையா என்பதை மட்டும் அனுப்பும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.

பயணச் செலவுக்கு என்ன வழி?

நெறியாளரின் திட்டப் பணம், மாநாட்டின் மாணவர் நல்கை, ஏசிஎம் சிக்லாக் அல்லது குறியீட்டுத் தர்க்கச் சங்கம் போன்ற அமைப்புகளின் பயண நல்கை, தன்னார்வலராகப் பணிபுரிந்து பதிவுக் கட்டணத்தில் விலக்கு. இந்த வரிசையில் முயலுங்கள். நல்கை பெரும்பாலும் பிறகு திருப்பித் தரப்படும் தொகை. முதலில் கையிலிருந்து போட வேண்டியிருக்கும், விமானப் பயண அட்டை வரை எல்லாச் சீட்டையும் பத்திரப்படுத்த வேண்டியிருக்கும். விசா தேவைப்படுபவர்கள் கட்டுரை தேர்வான அன்றே அழைப்புக் கடிதம் கேளுங்கள். தேர்வு முடிவுக்கும் மாநாட்டுக்கும் இடையே இரண்டு மூன்று மாதம்தான், விசா நேர்காணலுக்கே அதில் பாதி போய்விடும்.

டாக்ஸ்டூல் கருத்தரங்குக்கு எப்படி விண்ணப்பிப்பது?

முடியாது. ஜெர்மனியிலுள்ள அந்த மையத்தின் கருத்தரங்குகள் அழைப்பின் பேரில் மட்டுமே. ஆனால் இளைய ஆய்வாளர்களுக்கென்று இடம் ஒதுக்கச் சொல்லி அமைப்பாளர்களைக் கேட்டுக்கொள்வது அங்கே வழக்கம். உங்கள் தலைப்பில் கருத்தரங்கு அறிவிக்கப்பட்டிருந்தால் நெறியாளரிடம் சொல்லி வையுங்கள்.

முனைவர் பட்ட இடம் கேட்டுப் பத்துப் பேராசிரியர்களுக்கு எழுதினேன், ஒருவரும் பதில் எழுதவில்லை.

கடிதம் ஒன்றையே பத்துப் பேருக்கும் அனுப்பியிருந்தால் பதில் வராதது இயல்பு. ‘மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே, உங்கள் ஆய்வில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு’ என்று தொடங்கும் கடிதங்கள் அவர்களுக்கு வாரந்தோறும் வருகின்றன. எந்த ஆய்வு, எந்த ஆர்வம் என்று சொல்வதில்லை.

இதோ வேறு மாதிரி: ‘இரண்டே மாறிகள் கொண்ட முதல்நிலைத் தர்க்கத்தோடு சமான உறவுகளைச் சேர்க்கும்போது, இரண்டு உறவு வரை நிறைவேற்றத்தக்கதன்மையைத் தீர்மானிக்க முடிகிறது, மூன்றானால் முடிவதில்லை என்று படித்தேன். மூன்றாவது உறவு இரண்டாவதன் உட்பிரிவாகவே இருக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தினால், முடியாது என்று காட்டும் குறைப்பு எந்தப் படியில் உடைகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் முயற்சியின் இரண்டு பக்கக் குறிப்பை இணைத்துள்ளேன். அடுத்த ஆண்டு உங்கள் குழுவில் முனைவர் பட்ட இடம் இருக்குமா?’ முயற்சி தவறாகவே இருக்கலாம். கட்டுரையை உண்மையில் படித்தவர், தானாகக் கேள்வி எழுப்பத் தெரிந்தவர் என்பது ஐந்து வரியில் தெரிந்துவிடுகிறது. இப்படி மூன்று கடிதம் எழுதுவது முப்பது பொதுக் கடிதத்தைவிடப் பயன் தரும். மதிப்பெண் பட்டியல் இணைப்பில் இருக்கட்டும், கடிதத்தின் உடலில் வேண்டாம்.

நடைமுறையும் இடத்துக்கு இடம் மாறும். ஐரோப்பாவின் பல நாடுகளில் முனைவர் பட்ட இடம் என்பது சம்பளத்தோடு விளம்பரப்படுத்தப்படும் வேலை. ஆண்டு முழுதும் அறிவிப்பு வரும், முதுகலைப் பட்டம் கேட்பார்கள். வட அமெரிக்காவில் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும், கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பரில். பேராசிரியர் ‘வாருங்கள்’ என்று எழுதினாலும் முறையான விண்ணப்பம் இல்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்கொடோவ்ஸ்கா கியூரி நல்கைக்கு நான் தகுதியானவரா?

முனைவர் பட்ட வலையமைப்பு இடங்களுக்கும் முதுமுனைவர் நல்கைக்கும் பொதுவான ஒரு விதி பலரை வெளியேற்றுகிறது: கடந்த 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல், நீங்கள் ஆய்வு செய்யப் போகும் நாட்டில் வசித்திருக்கவோ முதன்மைப் பணியைச் செய்திருக்கவோ கூடாது. உங்கள் தேசியம் எதுவானாலும் விதி இதுவே. முதுமுனைவர் நல்கைக்கு, கடைசித் தேதியன்று முனைவர் பட்டம் கையில் இருக்க வேண்டும், பட்டம் பெற்று எட்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக்கூடாது. மகப்பேறு போன்ற இடைவெளிகளுக்குக் கழிவு உண்டு. கடைசித் தேதி பொதுவாகச் செப்டம்பர். நல்ல விண்ணப்பங்கள் ஏப்ரல், மே மாதத்திலேயே ஏற்பு நிறுவனத்தோடு சேர்ந்து எழுதத் தொடங்கப்படுகின்றன.

போலி மாநாட்டை எப்படிக் கண்டுகொள்வது?

‘தர்க்கம், கணினி, மேலாண்மை, உயிரியல்’ என்று எல்லாவற்றையும் ஒரே அழைப்பில் அடைத்திருந்தால் விலகிவிடுங்கள். ஒரு வாரத்தில் முடிவு சொல்வோம் என்றாலும் அப்படியே. தேர்வுக் குழுவிலிருந்து மூன்று பெயரை எடுத்து, கணினி அறிவியல் கட்டுரைகளைப் பட்டியலிடும் டிபிஎல்பி தளத்தில் தேடுங்கள். மூவரும் இத்துறையில் எழுதியவர்களா, முந்தைய ஆண்டுத் தொகுதி அங்கே பட்டியலிடப்பட்டிருக்கிறதா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு விருது உண்டா?

உண்டு. சிஎஸ்எல் மாநாட்டில் வழங்கப்படும் அக்கர்மன் விருது 2005 முதல் இருக்கிறது. தர்க்கம், மொழி, தகவல் துறைக்கு பெத் பரிசு. இரண்டுக்கும் ஆய்வேட்டைப் பிறர் முன்மொழிய வேண்டும், அதனால் நெறியாளருக்கு நீங்கள்தான் நினைவூட்ட வேண்டும். லிக்ஸில் மாணவர்களின் சிறந்த கட்டுரைக்கு க்ளீனி விருது இருக்கிறது. கட்டுரையை அனுப்பும்போதே மாணவர் கட்டுரை என்று குறிக்கக் கேட்டிருந்தால் அந்தப் பெட்டியைத் தவறாமல் நிரப்புங்கள்.

மாநாட்டுக்குப் பிறகு ஆய்விதழுக்கு அனுப்பும்போது எவ்வளவு புதிதாக இருக்க வேண்டும்?

தர்க்கத் துறையில், பின்னிணைப்பில் கிடந்த முழு நிரூபணங்களைச் சேர்த்து, எடுத்துக்காட்டுகளை விரித்து எழுதுவதே பெரும்பாலும் போதும். சில ஆய்விதழ்கள் குறிப்பிட்ட விழுக்காடு புதிய உள்ளடக்கம் கேட்கும், விதியைப் படித்துவிடுங்கள். ‘லாஜிக்கல் மெத்தட்ஸ் இன் கம்ப்யூட்டர் சயின்ஸ்’ ஆசிரியரிடமும் வாசகரிடமும் கட்டணம் வாங்காத ஆய்விதழ். கட்டுரையை ஆர்க்கைவில் ஏற்றிவிட்டு அங்கே சமர்ப்பிக்கலாம். முன்னுரையிலேயே எந்த மாநாட்டுக் கட்டுரையின் விரிவு இது, எந்தப் பகுதிகள் புதியவை, மாநாட்டு வடிவில் இருந்த எந்தப் பிழை இங்கே திருத்தப்பட்டது என்று மூன்று வரி எழுதுங்கள். பழைய வடிவத்தை மேற்கோள் காட்டிக்கொண்டிருப்பவர்கள் அந்தத் திருத்தத்தைத் தேடித்தான் வருவார்கள்.